உழைப்பும் ஓய்வும்: விவிலியத் தமிழின் மூன்று சொற்கள்

முன்னுரை

உழைப்பின் உயர்வை எடுத்துரைக்கும் நூல்கள் பல மொழிகளிலும் மல்கியுள்ளன. தமிழில் திருவள்ளுவர் ஊக்கமுடைமை, மடியின்மை, ஆள்வினையுடைமை என அடுத்தடுத்து மூன்று அதிகாரங்களை வகுத்தார். ஓய்வுக்கெனத் தனி அதிகாரம் அந்நூலில் இல்லை. ஓய்வை உடலின் தேவையாகக் கருதி விட்டுவிடாமல், அதனை அறமாகவும் கட்டளையாகவும் வகுத்துரைத்த நூல்களுள் எபிரேய மறை முதன்மையானது. கொலை, களவு, பொய்ச்சான்று ஆகியவற்றை விலக்கும் பத்துக் கட்டளைகளின் வரிசையிலேயே ஓய்வுநாளைப் பேணுக என்னும் கட்டளையும் இடம்பெறுகின்றது. அம்மறையைப் பழைய ஏற்பாடு என ஏற்றுக்கொண்ட கிறித்தவ நெறி, இக்கட்டளையையும் தன் வழியில் உரைகண்டு மேற்கொண்டது.

ஓய்வைப்பற்றி உலகியலில் வழங்கும் கருத்துகள் இரண்டு. உழைத்தவனுக்கு உரிய கூலி ஓய்வு என்பது ஒன்று. மீண்டும் உழைப்பதற்கு வேண்டும் வலிமையைச் சேர்த்துவைக்கும் வழி ஓய்வு என்பது மற்றொன்று. இவ்விரண்டும் தம்முள் வேறுபட்டனபோலத் தோன்றினும், உழைப்பையே தலைமைப் பொருளாகவும் ஓய்வை அதன் பணியாளாகவும் கொள்ளும் வகையில் ஒத்தனவே. கிறித்தவ நெறி கூறும் ஓய்வு இவ்விரண்டனுள்ளும் அடங்குவதன்று. அது யாது என்பதனைத் தமிழ் விவிலியம் ஆளும் ஓய்தல், இளைப்பாறுதல், பூரித்தல் என்னும் மூன்று சொற்களின் வழியாக ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

தமிழில் விவிலிய மொழிபெயர்ப்பு நெடிய வரலாறு உடையது. சீகன்பால்கு மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1715-ஆம் ஆண்டில் தரங்கம்பாடியில் அச்சேறி நிறைவுற்றது. பின்னர்ப் பெப்ரிசியுசும் பிறரும் அப்பணியைத் தொடர்ந்தனர். ஹென்றி பவர் தலைமையிலான குழுவினர் திருத்தி அமைத்து 1871-இல் வெளிவந்த பதிப்பின் வழிவந்த பாடமே சீர்திருத்தத் திருச்சபையாரிடம் இன்றும் பெருவழக்காக உள்ளது. ஈண்டு நாம் மேற்கொள்வதும் அப்பாடமே.

ஓய்தல்

ஆதியாகமத்தின் இரண்டாம் அதிகாரம், ஆறு நாட்களில் படைப்பை முடித்த இறைவன் ஏழாம் நாளில் செய்த செயலைக் கூறுகின்றது. எபிரேய மூலத்தில் அதற்கு ஆளப்பெறும் வினை ‘ஷாபத்’ என்பது. ‘நிறுத்துதல்’, ‘ஒழிதல்’ என்பனவே அதன் அடிப்படைப் பொருள். களைப்பு என்னும் கருத்து அச்சொல்லில் இல்லை. ஓய்வுநாளைக் குறிக்கும் எபிரேயப் பெயரும் இவ்வேரோடு தொடர்புடையதே.

தமிழ்ப் பாடம் இதனை ‘ஓய்ந்திருந்தார்’ என மொழிபெயர்க்கின்றது. ‘ஓய்தல்’ என்பது தொன்மையான தமிழ்ச் சொல். தொல்காப்பியர் உரியியலில் ஓய்தல், ஆய்தல், நிழத்தல், சாய் என்னும் நான்கினையும் ஒருங்கு வைத்து, உள்ளதன் நுணுக்கத்தை உணர்த்துவன எனப் பொருள் வரையறுத்தார். முன்னர் இருந்த நிலையினின்று ஒன்று நுணுகிக் குறைந்து வருதலே ஆண்டுக் கருதப்பெற்றது. மழை ஓய்ந்தது, அலை ஓய்ந்தது, கை ஓய்ந்தது என்னும் இக்கால வழக்குகளிலும் இப்பொருளின் சாயல் புலனாகும். எனவே, எபிரேயச் சொல்லில் இல்லாத தளர்ச்சிக் குறிப்பு ஒன்று தமிழ்ச் சொல்லில் தொன்றுதொட்டே உண்டு.

மொழிபெயர்ப்பாளர் ‘ஓய்ந்தார்’ என்று நிறுத்தாமல் ‘ஓய்ந்திருந்தார்’ என ‘இரு’ என்னும் துணைவினையைச் சேர்த்தமை இங்குக் கருதத்தக்கது. ஓய்ந்தது என்றால் வலிமை தீர்ந்து தானே அடங்கியது என்றும் பொருள்படும். ஓய்ந்திருத்தலோ நிறுத்திய நிலையில் நிலைத்து நிற்றல். அது விரும்பி மேற்கொள்ளப்படும் ஒரு நிலை. ஓய்வு என்பது வலிமை அற்றுப்போன பின் வந்து சேரும் முடிவாக அமையாமல், வலிமை இருக்கும்போதே கையை நிறுத்திக்கொள்ளும் ஆற்றலாக அமைய வேண்டும் என்னும் கருத்து இத்துணைவினையால் தெளிவுறுகின்றது.

இதனோடு இயைத்து நோக்கத்தக்கது மற்றொன்று உண்டு. ஆதியாகமத்தின்படி மாந்தன் படைக்கப்பெற்றது ஆறாம் நாளில். ஆகவே, அவன் கண்ட முதல் முழு நாள் ஏழாம் நாளாகிய ஓய்வுநாளே. அவன் எதனையும் செய்து முடித்த பின் ஓய்வு பெறவில்லை. ஓய்வைப் பெற்றுக்கொண்ட பின்னரே அவனது உழைப்பு தொடங்குகின்றது. கிறித்தவர் வழிபாட்டு நாளை வாரத்தின் இறுதி நாளிலிருந்து முதல் நாளுக்கு மாற்றிக்கொண்டமை இக்கருத்தை மேலும் வலியுறுத்துகின்றது. கிறித்து உயிர்த்தெழுந்த நாள் வாரத்தின் முதல் நாள் ஆதலின், ஞாயிற்றுக்கிழமையில் அவர்கள் கூடலாயினர். இரண்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் உரோமை நகரில் வாழ்ந்த யுஸ்தீன், கிறித்தவர் ஞாயிற்றின் பெயர் பெற்ற நாளில் ஒன்றுகூடி மறைநூல் ஓதியதையும், அப்பமும் இரசமும் பகிர்ந்ததையும், வறியவர்க்குப் பொருள் தொகுத்ததையும் எழுதிவைத்துள்ளார். அருளைப் பெறுதல் முன்னும் ஆற்றும் பணி பின்னுமாக அமைந்த வாரமே கிறித்தவ வாரம் எனலாம்.

இளைப்பாறுதல்

ஓய்வுநாள் கட்டளை பழைய ஏற்பாட்டில் இரண்டு இடங்களில் விரிவாக வருகின்றது. யாத்திராகமம் 20-ஆம் அதிகாரம் அதற்குக் காட்டும் காரணம் படைப்பு: இறைவன் ஏழாம் நாளில் ஓய்ந்திருந்தமையின் மாந்தரும் ஓய்ந்திருக்க வேண்டும். உபாகமம் 5-ஆம் அதிகாரம் காட்டும் காரணம் விடுதலை: எகிப்தில் அடிமைகளாய் இருந்தவர்கள் மீட்கப்பட்டமையின், அவர்கள் தம் கீழ் உள்ளோர்க்கு ஓய்வு அளிக்கக் கடமைப்பட்டவர்கள்.

இவ்விரண்டாம் காரணத்தை விளங்கிக்கொள்ள, யாத்திராகமத்தின் 5-ஆம் அதிகாரத்தை நோக்குதல் வேண்டும். இறைவனை வழிபடச் செல்ல விடை கேட்ட மக்களை எகிப்திய மன்னன் சோம்பர் எனப் பழித்தான். அன்றுவரை செங்கல் அறுப்பதற்குக் கொடுத்துவந்த வைக்கோலை நிறுத்தினான். ஆயினும் நாள்தோறும் அறுக்க வேண்டிய கல்லின் தொகையைக் குறைத்தானில்லை. ஓய்வு வேண்டுவோரைச் சோம்பேறிகள் என இகழ்தலும், கருவியைக் குறைத்து விளைவை மட்டும் முழுமையாகக் கேட்டலும் கொடுங்கோன்மையின் அடையாளங்கள் என்பதனை இப்பகுதி உணர்த்துகின்றது. அவ்வடிமை நிலையினின்று மீண்டவர்க்கு விதிக்கப்பெற்ற கட்டளை ஆதலின், ஓய்வுநாள் என்பது மன்னன் எவனும் மீற இயலாத எல்லைக்கல்லாக நடப்பெற்றது.

அதனால்தான் கட்டளையின் வாசகம் நீண்டதொரு பட்டியலைக் கொண்டுள்ளது. மகன், மகள், அடிமை ஆண், அடிமைப் பெண், எருது, கழுதை, பிற கால்நடைகள், ஊருக்குள் தங்கிய அந்நியன் ஆகியோர் அதனுள் வருகின்றனர். தலைவன் தான் மட்டும் ஓய்ந்திருந்து, தன் வேலையைப் பிறர் கையில் ஒப்படைத்துவிட்டால் கட்டளை நிறைவேறியதாகாது. உபாகமம் இதற்கு ஒரு நோக்கத்தையும் வெளிப்படையாகக் கூறுகின்றது: அடிமையும் தலைவனைப் போன்றே ஓய்வு பெற வேண்டும் என்பதே அது. ஓய்வில் ஏற்றத்தாழ்வு இல்லை என்னும் இக்கருத்து, அடிமைமுறை நிலவிய பண்டை உலகில் எளிதில் தோன்றக் கூடியதன்று.

இவ்விடங்களில் தமிழ்ப் பாடம் ‘இளைப்பாறுதல்’ என்னும் சொல்லை ஆள்கின்றது. இளைப்பு என்பது களைப்பு. ஆறுதல் என்பது தணிதல். சூடு ஆறுதல், புண் ஆறுதல், சினம் ஆறுதல் என்னும் வழக்குகளில் எல்லாம், வெம்மையோ நோவோ உற்ற ஒன்று தன் இயல்பு நிலைக்கு மீளுதலே பொருள். மீளுதற்குக் காலம் வேண்டும். புண்ணை விரைந்து ஆறுக எனக் கட்டளையிட இயலாததுபோல, இளைப்பையும் கட்டளையால் ஆற்ற முடியாது. ஆறுவதற்கு இடம் கொடுக்கத்தான் முடியும். ஓய்தல் ஒருவன் தானே செய்வது. இளைப்பாறுதலோ பெரும்பாலும் பிறர் இடம் கொடுத்தாலன்றி வாய்ப்பதில்லை. இந்நுண்ணிய வேறுபாட்டைத் தமிழ்ச் சொற்கள் எளிதாகத் தாங்கி நிற்கின்றன.

புதிய ஏற்பாட்டில் இச்சொல் மற்றொரு சிறப்புப் பெறுகின்றது. மத்தேயு நற்செய்தி 11-ஆம் அதிகாரத்தின் இறுதியில், சுமை சுமந்து வருந்துவோரைத் தம்மிடம் அழைக்கும் இயேசு பெருமான் அவர்களுக்கு அளிப்பதாகக் கூறுவது இளைப்பாறுதலே. 1995-ஆம் ஆண்டில் வெளிவந்த திருவிவிலியம் என்னும் பொது மொழிபெயர்ப்பும் பல இடங்களில் பழைய சொற்களை மாற்றியபோதிலும் இச்சொல்லை அவ்வாறே போற்றிக்கொண்டது. இளைப்பாறுதலை வாக்களித்த அவர், அடுத்தபடியாகத் தம் நுகத்தை ஏற்றுக்கொள்ளுமாறு பணிக்கின்றார். ஏர் உழும் மாட்டுக்கு ஓய்வு என்பது நுகத்தினின்று அவிழ்த்துவிடுதல். இங்கோ நுகத்தைப் பூணுதலே ஓய்வுக்கு வழியாகச் சொல்லப்பெறுகின்றது. இது முரண்போலத் தோன்றும். பொருந்தாத நுகம் கழுத்தை அறுக்கும். அளவறிந்து இழைத்த நுகம் சுமையைப் பகிர்ந்து கொடுக்கும். உழைப்பை ஒழிப்பதன்று, உழைப்பைப் பொருந்தும் அளவில் அமைப்பதே கிறித்து அளிக்கும் இளைப்பாறுதல் என்பது இதனால் பெறப்படும்.

பூரித்தல்

யாத்திராகமம் 31-ஆம் அதிகாரம் மீண்டும் ஓய்வுநாளைப் பேசுகின்றது. ஆண்டு ஏழாம் நாளில் இறைவன் ஓய்ந்திருந்ததோடு மற்றொரு வினையும் நிகழ்ந்ததாகச் சொல்லப்பெறுகின்றது. எபிரேயத்தில் அது, ‘நெபெஷ்’ என்னும் பெயரோடு ஒரே வேரினின்று வரும் வினை. நெபெஷ் என்பது உயிர், மூச்சு, தொண்டை எனப் பல பொருள் தருவது. ஆதலின், அவ்வினைக்கு ‘மூச்சு வாங்கி உயிர்த்தல்’ என்பது நேர்ப்பொருளாகும். இவ்வினை எபிரேய மறை முழுவதிலும் மூன்றே இடங்களில் வருகின்றது.

தமிழ்ப் பாடம் இறைவனைக் கூறும் இவ்விடத்தில் ‘பூரித்தார்’ என்று பெயர்க்கின்றது. பூரித்தல் என்பது நிறைதல். உள்ளம் மகிழ்ச்சியால் நிறைந்து ததும்புதல். இறைவன் இளைப்பாறினார் என எழுதின், அவர்க்கு இளைப்பு உண்டாயிற்று என்னும் கருத்து வந்து சேரும். இறைவன் சோர்வதும் களைப்பதும் இல்லை என ஏசாயா 40-ஆம் அதிகாரம் தெளிவாகக் கூறுதலின், மொழிபெயர்ப்பாளர் அச்சொல்லைத் தவிர்த்து நிறைவைக் குறிக்கும் சொல்லைத் தேர்ந்தனர் என நாம் உய்த்துணரலாம். கைவினைஞன் தான் செய்து முடித்த பொருளைத் தள்ளிவைத்து நோக்கி மகிழ்வதுபோன்ற ஓய்வு இது. ஆதியாகமத்தின் முதல் அதிகாரம் இறைவன் தாம் படைத்தவற்றை நோக்கி நன்றெனக் கண்டதைப் பலமுறை கூறுவதும் இதற்கு அரணாகும்.

ஆயின், இத்தேர்வால் நேர்ந்த இழப்பு ஒன்றும் உண்டு. இதே எபிரேய வினை யாத்திராகமம் 23-ஆம் அதிகாரத்திலும் வருகின்றது. ஆண்டு ஏழாம் நாள் ஓய்வின் பயனாகச் சொல்லப்பெறுவன இரண்டு: எருதும் கழுதையும் ஓய்வு பெறுதல் ஒன்று, அடிமைப் பெண்ணின் மகனும் அந்நியனும் உயிர்த்துக்கொள்ளுதல் மற்றொன்று. முன்னதற்கும் பின்னதற்கும் மூலம் வெவ்வேறு வினைகளை ஆள்கின்றது. தமிழ்ப் பாடமோ இரண்டையும் இளைப்பாறுதல் என ஒரே சொல்லால் பெயர்த்தது. இதனால் விலங்கின் ஓய்வும் அடிமையின் ஓய்வும் தமிழில் ஒன்றாயின. இறைவனின் ஓய்வு மட்டும் தனித்து உயர்ந்தது. மூலத்தில் நிலை வேறு. படைப்பை முடித்த இறைவனுக்கு எந்த வினை உரியதோ, அந்த வினையே அடிமைப் பெண்ணின் மகனுக்கும் உரியது. பட்டியலின் கடைக்கோடியில் நிற்கும் ஒருவன் ஓய்வுநாளில் இறைவனோடு ஒரு சொல்லால் இணைக்கப்பெறுகின்றான்.

மொழிபெயர்ப்பாளரைக் குறைகூறுதல் நம் கருத்தன்று. இறைவனுக்கும் அடிமைக்கும் ஒருங்கே பொருந்தும் சொல்லைக் காண்பது எளிதன்று. ஆனால் மூலத்தை நோக்கும்போது ஒரு முடிபு தெளிவாகின்றது. ஓய்வின் முழுமை களைப்புத் தீர்தலோடு நின்றுவிடுவதில்லை. உள்ளம் நிறைதலே அதன் எல்லை. அந்நிறைவு உயர்ந்தோர்க்கு மட்டும் உரிய செல்வமும் அன்று. உழைப்போர்க்குக் களைப்புத் தீரும் அளவு ஓய்வு கொடுத்தாற் போதும், மகிழ்ந்து நிறைதற்குரிய ஓய்வு நமக்கே உரியது எனக் கருதுவோர் எக்காலத்தும் உளர். அவர்க்கு இவ்வொரு வினைச்சொல்லே மறுப்பாக அமையும்.

உழைப்பின் இடம்

ஓய்வை இவ்வாறு உயர்த்திக் கூறும் நெறி உழைப்பை இழிவாகக் கருதியதோ என்னும் ஐயம் எழலாம். அவ்வாறு கருதவில்லை. ஆதியாகமம் 2-ஆம் அதிகாரத்தில் மாந்தன் தோட்டத்தைப் பண்படுத்தவும் காக்கவும் அமர்த்தப்பெற்றது அவன் கட்டளை மீறுவதற்கு முன்னரே. மீறியதன் பின் வந்து சேர்ந்தவை முள்ளும் வியர்வையும். வேலை முன்னரே இருந்தது. பவுல் அடிகள் கூடாரம் செய்யும் தொழிலால் தம் உணவைத் தேடிக்கொண்டார். தெசலோனிக்கேயருக்கு எழுதிய இரண்டாம் திருமுகத்தில், வேலை செய்ய மனமில்லாதவன் உண்ணவும் வேண்டா எனக் கண்டித்தார். ஆகவே உழைப்பும் ஓய்வும் பகைப்பொருள்கள் அல்ல. ஒன்று மற்றொன்றன் எல்லையை விழுங்குமிடத்தே தீமை பிறக்கின்றது.

எல்லை குலையும் விதங்களை நான்காம் நூற்றாண்டின் எகிப்தியப் பாலைவனத் துறவிகள் நுணுகி ஆராய்ந்தனர். 399-இல் மறைந்த எவாக்ரியுசு, ‘அசீடியா’ என்னும் ஒரு மனநோயை விரித்துரைத்தார். நண்பகற் பொழுதில் அது துறவியைத் தாக்கும். கதிரவன் நகராமல் நிற்பதாகத் தோன்றும். நாள் ஐம்பது நாழிகையாக நீண்டதுபோல் இருக்கும். சன்னலை நோக்குவதும் வெளியே வந்து பார்ப்பதும் மிகும். இருக்கும் இடமும் செய்யும் கைவேலையும் வெறுத்துப்போகும். இதனைச் சோம்பல் என்று மட்டும் மொழிதல் போதாது. ஐந்தாம் நூற்றாண்டில் காசியன் இதனை மேலும் விளக்குகையில், இந்நோயுற்றவன் தொலைவில் உள்ள நோயாளியைக் காணச் செல்ல வேண்டும், இன்னாரைச் சென்று பார்ப்பது கடமை என அறச்செயல்களின் பெயராலேயே ஓடித் திரிவான் எனக் காட்டினார். சோம்பிக் கிடத்தலும் ஓயாது பரபரத்தலும் ஒரே நோயின் இருவேறு முகங்கள் என்பது இதனால் பெறப்படும் உண்மை. இருப்பிடத்தில் உள்ளம் பொருந்தாமையே இரண்டுக்கும் வேர்.

இந்நோய்க்கு மாற்றாகச் சங்கீதம் 46 கூறும் நிலையைத் தமிழ்ப் பாடம் ‘அமர்தல்’ என்னும் சொல்லால் குறிக்கின்றது. மூலச்சொல்லின் பொருள் பற்றியதைத் தளரவிடுதல் என்பது. தொல்காப்பியர் உரியியலில் அமர்தல் என்பதற்கு மேவல் எனப் பொருள் கூறினார். விரும்பிப் பொருந்துதல் என்பது கருத்து. தங்கியிருத்தலும் விரும்புதலும் ஒரு சொல்லில் அடங்கிய தமிழின் இயல்பு இவ்விடத்திற்கு மிகவும் பொருந்தி வந்துள்ளது.

காசியன் கூறும் வரலாறு ஒன்று இங்கு நினைக்கத்தக்கது. பவுல் என்னும் துறவி ஒருவர் ஊர்களினின்று ஏழு நாள் வழித்தொலைவில் வாழ்ந்தார். பின்னிய பொருளை விற்கச் சென்றால் வழிச்செலவுக்கும் போதாது. ஆயினும் அவர் நாள்தோறும் பனையோலை தொகுத்து, விதித்துக்கொண்ட அளவு வேலையைச் செய்துவந்தார். ஆண்டின் முடிவில் குகை நிறைந்ததும் யாவற்றையும் தீயிட்டு எரித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கினார். விளைபொருளுக்காக அன்றி உள்ளத்தின் நலத்துக்காகவும் உழைப்பு வேண்டும் என்பது காசியன் கருத்து. தான் செய்ததைக் கொண்டே தன்னை அளந்துகொள்ளும் மனத்துக்கு இவ்வரலாறு கடுமையான மருந்தாகும்.

ஆசீர்வாதப்பர் வகுத்த ஒழுங்கு

மேற்கூறிய கருத்துகளை நாள்முறை வாழ்க்கையாக வகுத்தளித்தவர் ஆறாம் நூற்றாண்டில் இத்தாலி நாட்டு மொந்தே கசீனோ மலையில் மடம் நிறுவிய ஆசீர்வாதப்பர். பெனடிக்ட் என்னும் பெயரின் தமிழாக்கமாகக் கத்தோலிக்கர் வழங்குவது இப்பெயர். அவர் எழுதிய ஒழுங்குநூல் 73 அதிகாரங்கள் கொண்டது. ‘செபமும் உழைப்பும்’ என்னும் தொடர் அவர் வாக்காகப் பலராலும் மேற்கோள் காட்டப்பெறினும், அத்தொடர் ஒழுங்குநூலில் இல்லை. அந்நூலின் 48-ஆம் அதிகாரம் கைவேலை, மறைநூல் ஓதுதல் என்னும் இரண்டினை நாளின் பொழுதுகளுக்குப் பகிர்ந்தளிக்கின்றது. கோடையில் காலைப்பொழுது வேலைக்கு உரியது. அதன்பின் நண்பகல் வரை ஓதுதலுக்கு உரியது. நண்பகல் உணவுக்குப் பின் துறவியர் தம் படுக்கையில் அமைதியாக ஓய்வு கொள்ளலாம். ஓத விரும்புவோர் பிறர்க்கு இடையூறின்றி ஓதலாம். குளிர்காலத்துக்கும் தவக்காலத்துக்கும் பொழுதுகள் வேறாக அமைகின்றன. ஞாயிற்றுக்கிழமையில் பணி ஒப்படைக்கப்பெற்றோர் தவிர யாவரும் ஓதுதலில் ஈடுபடுவர். நோயுற்றோர்க்கும் மென்மையான உடல்வாகு உடையோர்க்கும், சோம்பலும் ஆகாமல் சுமையால் நசுங்கவும் செய்யாமல், ஏற்ற வேலையைத் தரவேண்டும் என்பது விதி.

இவ்வொழுங்கின் உயிர்நிலை மூன்று விதிகளில் உள்ளது. வழிபாட்டு மணி கேட்டதும் கையில் உள்ளது எதுவாயினும் அதனை விட்டு எழவேண்டும் என்கிறது 43-ஆம் அதிகாரம். வேலை முடிந்தபின் ஓய்வு என்னும் முறை இங்கு இல்லை. வேலை முடிவதே இல்லை ஆதலின், முடியாத வேலையை விட்டு எழும் பயிற்சியே தரப்பெறுகின்றது. கைத்தொழிலில் வல்ல துறவி தன் திறமையால் மடத்துக்கு ஆக்கம் விளைகின்றது எனச் செருக்குற்றால் அவனை அத்தொழிலினின்று விலக்கிவிட வேண்டும் என்கிறது 57-ஆம் அதிகாரம். சமையற்பணியை யாவரும் வாரமுறை மாற்றி ஏற்கவேண்டும்; நோயோ இன்றியமையாத வேறு பணியோ உடையவர் தவிர எவர்க்கும் விலக்கு இல்லை என்கிறது 35-ஆம் அதிகாரம். ஒருவர் ஓய்வு மற்றொருவரின் ஓயாத உழைப்பால் விலைக்கு வாங்கப்படக் கூடாது என்னும் மோசேயின் கட்டளைக்கு, அடுக்களையில் எழுதப்பெற்ற உரையே இவ்விதி.

நாளும் சட்டமும்

ஓய்வுநாள் நாட்டுச் சட்டமாக மாறிய வரலாறு வேறு வகையானது. 321-ஆம் ஆண்டில் பேரரசன் கான்ஸ்டன்டைன், நீதிபதிகளும் நகரமாந்தரும் தொழிற்கூடங்களும் ஞாயிற்றுக்கிழமையில் ஓய்ந்திருக்க வேண்டும் என ஆணையிட்டான். ஆயின் விதைப்புக்கும் கொடி நடுதற்கும் உரிய பருவம் தவறலாகாது எனக் கூறி உழவர்க்கு விலக்கு அளித்தான். யாத்திராகமம் 34-ஆம் அதிகாரமோ உழவுக் காலத்திலும் அறுவடைக் காலத்திலும் ஓய்ந்திருக்க வேண்டும் எனத் தனித்தெடுத்துக் கூறுகின்றது. வேலை நெருக்கும் காலத்தில்தான் ஓய்வு தேவை என மறை உணர்ந்ததை அரசாணை உணரவில்லை. ஓய்வு மிகத் தேவைப்பட்டவரே சட்டத்தின் எல்லைக்கு வெளியே நின்றனர்.

பதினாறாம், பதினேழாம் நூற்றாண்டுகளில் இங்கிலாந்தில் தூய்மைவாதிகள் ஞாயிற்றுக்கிழமை ஓய்வைக் கடுமையான விதிகளால் வேலியிட்டனர். 1618-இல் முதலாம் ஜேம்ஸ் மன்னன், வழிபாட்டுக்குப் பின் மக்கள் ஆடலிலும் விளையாட்டிலும் ஈடுபடலாம் என ஆணை வெளியிட்டான். 1633-இல் முதலாம் சார்லஸ் அதனைப் புதுப்பித்தான். 1643-இல் பாராளுமன்றம் அவ்வாணையைத் தீயிடச் செய்தது. விளையாடலாமா கூடாதா என்னும் வழக்கில் இருசாராரும் போராடினர். ஓய்வுநாள் மாந்தனுக்காக உண்டானது என மாற்கு நற்செய்தி 2-ஆம் அதிகாரத்தில் இயேசு பெருமான் கூறிய கருத்து இப்போராட்டத்தில் மங்கியது. 1904, 1905-ஆம் ஆண்டுகளில் மாக்ஸ் வேபர் எழுதிய கட்டுரைகள், தொழிலை இறையழைப்பாகக் கருதிய சீர்திருத்தக் கிறித்தவமே ஓயாது பொருளீட்டும் ஒரு மனப்பான்மைக்குத் துணைநின்றது என வாதிட்டன. அவ்வாதத்தில் அறிஞர் கருத்து வேறுபடுவர். எனினும், உழைப்பைப் புனிதமாக்கும் நெறி ஓய்வின் புனிதத்தை மறந்தால் எங்குக் கொண்டுபோய் நிறுத்தும் என்னும் எச்சரிக்கை அதில் உண்டு.

இந்தியத் தொழிற்கூடங்களில் வார ஓய்வு அரசின் அருளாலோ திருச்சபையின் முயற்சியாலோ தானே வந்ததன்று. 1881-ஆம் ஆண்டுச் சட்டம் தொழிற்கூடங்களில் வேலை செய்த சிறுவர்க்கு மட்டும் திங்களுக்கு நான்கு நாள் விடுமுறை அளித்தது. ஜோதிராவ் புலேயின் வழிநின்ற நாராயண் மேகாஜி லோகாண்டே, 1884-இல் பம்பாய் ஆலைத்தொழிலாளரைத் திரட்டி, ஞாயிற்றுக்கிழமை ஓய்வு உள்ளிட்ட கோரிக்கைகளை முன்வைத்தார். 1890-இல் ஆலை உரிமையாளர் இணங்கினர். 1891-ஆம் ஆண்டுச் சட்டம் தொழிற்கூடத் தொழிலாளர்க்கு வார விடுமுறையை உறுதிசெய்தது. அதே 1891-இல் திருத்தந்தை பதின்மூன்றாம் லியோ வெளியிட்ட தொழிலாளர் நிலைபற்றிய சுற்றுமடல், ஞாயிறு ஓய்வு வெறும் சோம்பியிருத்தலோ பொருளை வீணாக்குதலோ ஆகாது, சமயத்தால் தூய்மையுற்ற ஓய்வாக வேண்டும் என வற்புறுத்தியது. ஓய்வைப் பெற்றுத் தந்தவர்கள் உழைப்பாளர். அதனை நிறைத்தற்கு வழி கூறியது சமயம். இரண்டும் வேண்டும்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் கிறித்தவ நெறியின் ஓய்வு மூன்று படிகள் உடையது எனத் துணியலாம். முடியாத வேலையையும் வலிமை உள்ளபோதே நிறுத்திக்கொள்ளுதல் முதற்படி; அது ஓய்தல். தன் கீழ் உள்ளோரும் தன்னைப் போன்றே களைப்புத் தீர இடம் கொடுத்தல் இரண்டாம் படி. அது இளைப்பாறச் செய்தல். அவ்வாறு பெற்ற பொழுதில் படைப்பின் நன்மையை உணர்ந்து உள்ளம் நிறைதல் மூன்றாம் படி, அது பூரித்தல். முதற்படியோடு நிற்பது வெறும் விடுமுறை. இரண்டாம் படியை விட்டு மூன்றாம் படிக்குத் தாவுவது தன்னலம்.

இரண்டாம் படியே கடினமானது. யாத்திராகமத்தின் பட்டியலில் மனைவி தனியே சுட்டப்பெறவில்லை. ‘நீ’ என்னும் முன்னிலையில் அவளும் அடங்குவாள் என உரைகாண்போர் உளர். உணவைச் சமைத்து வைப்பதையும் முதல் நாளிலேயே முடித்துக்கொள்ளுமாறு 16-ஆம் அதிகாரம் பணிப்பதை நோக்க, அடுக்களையில் நிற்பவரையும் கட்டளை மறக்கவில்லை என்பது தெளிவு. ஆயினும் ஞாயிற்றுக்கிழமையில் கோயிலுக்குச் சென்று மீண்டு வீட்டார் அனைவரும் சாய்ந்திருக்க, விருந்துச் சமையலால் வாரத்தின் மற்ற நாட்களினும் மிகுதியாக உழைக்கும் தாயரை நாம் அறிவோம். மறையை அவ்வீட்டார் பிழையின்றி ஓதியிருக்கலாம். ஆசீர்வாதப்பரின் 35-ஆம் அதிகாரத்தை அவர்கள் இன்னும் எட்டவில்லை.

ஆய்வு நூல்களோடு இரவும் பகலும் வாழும் மாணவர்க்கும் ஆசிரியர்க்கும் இக்கருத்துகள் அயலானவை அல்ல. படிக்க வேண்டிய ஏடும் எழுத வேண்டிய பகுதியும் ஒருநாளும் தீர்வதில்லை. தீராத வேலையைத் தீர்த்த பின்னரே ஓய்வேன் என்பவன் ஓய்வதே இல்லை. அவனுக்காகக் காத்திருப்போரும் ஓய்வதில்லை. மணி ஒலித்ததும் எழுதிக்கொண்டிருந்த எழுத்தையும் பாதியில் விட்டு எழுந்த மடத்துத் துறவியரின் கைகளே பண்டைய நூல்கள் பலவற்றைப் படியெடுத்துக் காத்து நமக்கு அளித்தன. கையை நிறுத்தியதால் அப்பணி குன்றவில்லை என்பதனை வரலாறு காட்டுகின்றது.